சேலத்துக் காற்றும் தண்ணீரும் உடலுக்குள் செய்வது என்ன?

திருமணிமுத்தாற்றின் கரையை ஒட்டிய தெருவொன்றில் பத்து ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய ஆறு வயது மகனுக்கு மார்கழி, தை மாதங்களில் இழுப்பும் இருமலும் வருகின்றன. கோடையில் அவன் நன்றாக இருக்கிறான். ஓமலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்த மாமியாருக்குக் கழுத்தும் முதுகும் விறைத்துப்போய், குனிந்து ஒரு குடத்தை எடுக்க முடியவில்லை. வெள்ளிக் கொலுசு செய்யும் கணவருக்கு வீட்டின் முன்கட்டுதான் பட்டறை. அவருக்கு ஆண்டு முழுவதும் தொண்டைக் கரகரப்பு. "எல்லாவற்றுக்கும் இந்த ஆற்று நாற்றம்தான் காரணமா? ஏற்காட்டுக்கே குடிபோய்விட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்.

நான் மருத்துவன் அல்லன்; நீர் ஆய்வகத்தில் 30 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆகவே மூவரின் நோயையும் கண்டறிந்து சொல்வது மருத்துவரின் வேலை. ஆனால் எந்த மாசு எந்த வழியாக உடலுக்குள் நுழைகிறது, நுழைந்த பின் எங்கே தங்குகிறது, எத்தனை நாளில் அல்லது எத்தனை ஆண்டில் தன்னைக் காட்டிக்கொள்கிறது என்பதை என்னால் சொல்ல முடியும். என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். உங்கள் வீட்டில் மூவருக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கவே வாய்ப்பு அதிகம். அவற்றுள் மிகப் பழமையானதும் மிக ஆழமானதுமான காரணத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை.

நாற்றத்திலிருந்தே தொடங்குவோம். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரின் நடுவே சுகவனேசுவரர் கோயிலை ஒட்டி ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் திருமணிமுத்தாறு, நகரத்துக்குள் நுழைந்த பிறகு சாக்கடை நீரையும் சாயக்கழிவையும் சுமக்கும் வாய்க்காலாகிவிடுகிறது. கழிவிலுள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அதன்பின் ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிரிகள் வேலையைத் தொடர்கின்றன. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுதான் அழுகிய முட்டை நாற்றமாக உங்கள் சன்னலுக்குள் வருகிறது. மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் ஆலைகளின் கழிவுநீரும் இதே வகைதான். மாவுச்சத்து நிறைந்த அந்த நீர் ஏரியிலோ ஓடையிலோ கலந்தால் மிக வேகமாகப் புளித்து அழுகும். கிழங்கின் தோலிலும் சதையிலும் இயற்கையாகவே உள்ள ஒரு பொருளிலிருந்து சயனைடும் அந்நீரில் சேர்வதால், மீன்கள் இரண்டு வகையில் சாகின்றன. இன்று பல ஆலைகள் அதே கழிவை மூடிய தொட்டியில் செரிக்கவிட்டு எரிவாயு எடுத்துக்கொள்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். நாற்றம் குறைகிறது, ஆலைக்கு எரிபொருளும் கிடைக்கிறது.

ஹைட்ரஜன் சல்பைடை நம் மூக்கு மிக மிகக் குறைந்த அளவிலேயே கண்டுகொள்ளும். தெருவில் உணரப்படும் அளவில் அது தலைவலி, குமட்டல், கண் எரிச்சல், தூக்கக் கெடுதி ஆகியவற்றைத் தரலாம். ஏற்கெனவே இழுப்பு உள்ளவருக்கு அதைத் தூண்டவும் கூடும். மூடிய இடத்தில் அளவு மிகுந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது: மூக்கின் உணர்வே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் மனிதர் எச்சரிக்கையின்றி மயங்கி விழுவதும், காப்பாற்றப் பின்னே இறங்கியவரும் இறப்பதும் இதனால்தான். மனிதக் கழிவகற்றும் வேலையில் ஆட்களை ஈடுபடுத்துவதற்கு எதிராக 2013ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்த பிறகும் இந்தச் சாவுகள் நிற்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. இங்கே நான் சொல்ல வருவது இதுதான்: நாற்றம் ஒரு தொல்லை, சில வேளை எச்சரிக்கை, ஆனால் அது மாசின் அளவுகோல் அன்று. நாறாத காற்று நல்ல காற்று என்றோ, தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்றோ நம்பிவிடக் கூடாது.

இப்போது உங்கள் மகனின் இழுப்புக்கு வருகிறேன். சேலம் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று நாற்புறமும் மலைகள். மார்கழி இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிட, அதற்கு மேலே இருக்கும் சற்று வெதுவெதுப்பான காற்று ஒரு மூடிபோல அமர்ந்துவிடுகிறது. வழக்கமாக மேலெழுந்து கலைந்துபோக வேண்டிய வாகனப் புகையும், குப்பை எரிந்த புகையும், அடுப்புப் புகையும் அந்த மூடிக்குக் கீழே சிக்கிக்கொள்கின்றன. குளிர்காலத்து விடியலில் ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மேலே உள்ள ஏதேனும் ஒன்றில் நின்று நகரத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஊரின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு விரிப்பு கிடக்கும், வெயில் ஏறி ஒன்பது மணி ஆகும்போதுதான் அது கரையத் தொடங்கும். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதும் பெரியவர்கள் நடைப்பயிற்சிக்குப் போவதும் அந்த விரிப்புக்குள்தான்.

அந்த விரிப்பில் மிகக் கெடுதலானது கண்ணுக்குத் தெரியும் தூசி அன்று. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துச் சளியாக வெளியேற்றிவிடும். 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்களோ எந்தக் காவலிலும் நிற்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போய்ச் சேர்கின்றன. அவற்றிலும் மிகச் சிறியவை இரத்தத்துக்குள்ளேயே நுழைகின்றன. உடல் அவற்றை எதிரியாகக் கருதி அழற்சியை மூட்டுகிறது. மூச்சுக்குழாய்களில் அந்த அழற்சி இழுப்பாகவும் இருமலாகவும் தெரிகிறது. இரத்தக் குழாய்களில் அது வெளியே தெரியாமல் கொழுப்புப் படிவை வளர்க்கிறது, இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. காற்று மாசு என்றால் நுரையீரல் நோய் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறோம். ஆனால் அதனால் நேரும் சாவுகளில் மாரடைப்பும் பக்கவாதமும் பெரும் பங்கு வகிக்கின்றன. வெளிக்காற்று, வீட்டுக்குள் காற்று இரண்டின் மாசாலும் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 இலட்சம் பேர் காலத்துக்கு முன்பே இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2013ஆம் ஆண்டில் வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பட்டியலில், புகையிலை இருக்கும் அதே வரிசையில், சேர்த்தது.

அளவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தரத்தின்படி இந்த நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் திருத்திய வழிகாட்டுதலோ 5 மைக்ரோகிராம்தான் என்கிறது. ஆகவே செய்தியில் "காற்றின் தரம் திருப்திகரம்" என்று வந்தால், அது சட்டத்துக்குத் திருப்தி என்றே கொள்ள வேண்டும்; ஆறு வயதுப் பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கும் திருப்தி என்று பொருள் அன்று. குழந்தை தன் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது, அதன் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். மாசு மிகுந்த ஊர்களில் நுரையீரல் வளர்ச்சி குன்றியிருந்தது. பிற்பாடு அந்த ஊர்களின் காற்று தூய்மையானபோது, அடுத்து வந்த பிள்ளைகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்தது. கெடுதல் எவ்வளவு உண்மையோ, சீராவதும் அவ்வளவு உண்மை என்பதால் இந்த ஆய்வை நான் எல்லாரிடமும் சொல்வேன்.

இருந்தாலும் உங்கள் மகனின் இழுப்புக்குக் காற்று மாசே முழுக் காரணம் என்று நான் எழுதினால் அது நேர்மையாகாது. குளிர்ந்த வறண்ட காற்றும், அந்தப் பருவத்தில் பரவும் வைரஸ் சளியும் இழுப்பைத் தூண்டும். மாசு செய்வது, ஏற்கெனவே எளிதில் சுருங்கும் மூச்சுக்குழாயை இன்னும் எளிதில் சுருங்கச் செய்வது. வெளிக்காற்றை நீங்கள் ஒருவராக மாற்ற முடியாது; ஆனால் அவன் படுக்கும் அறையின் காற்றை இன்றே மாற்ற முடியும். கொசுவர்த்திச் சுருளை நிறுத்துங்கள். ஒரு சுருள் முழுவதும் எரிந்து வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையின் கட்டிலுக்கு அடியில் சுருளை ஏற்றி வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அன்பினால் செய்வதுதான், கொசுவலை அதே அன்பை எந்தப் புகையும் இல்லாமல் செய்யும். சாம்பிராணிப் புகையும் பிள்ளை இல்லாத நேரத்தில், சன்னல் திறந்திருக்கும்போது போதும். வெந்நீருக்காக வாசலில் விறகோ, அதைவிட மோசமாகப் பிளாஸ்டிக் கலந்த குப்பையோ எரித்தால், அந்தப் புகை முதலில் நுழைவது உங்கள் வீட்டுக்குள்தான். போகியன்று டயரை எரிக்கும் வழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கணவரின் பட்டறைக்கு நீங்கள் கேள்வியில் அரை வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கோ அதுதான் அதிகக் கவலை தருகிறது. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் இன்னும் எத்தனையோ தெருக்களிலும் வெள்ளிக் கொலுசு வீட்டுத் தொழில். வாசல், பட்டறை, படுக்கையறை மூன்றுக்கும் இடையே ஒரு சுவர்கூட இருப்பதில்லை. வெள்ளியைக் கரைக்கவும் சுத்தம் செய்யவும் பயன்படும் திராவகத்திலிருந்து எழும் செம்பழுப்பு நிறப் புகையில் நைட்ரஜன் டை ஆக்சைடு இருக்கிறது. இந்த வாயுவின் கொடுமை அதன் தாமதத்தில் உள்ளது. இழுத்தவுடன் லேசான இருமலும் எரிச்சலும் மட்டுமே தெரியும். அவர் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். பல மணி நேரம் கழித்து நுரையீரலுக்குள் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். எனவே திராவகப் புகையை அதிகமாக இழுத்துவிட்டால், "இப்போது சரியாக இருக்கிறது" என்று வீட்டில் இருந்துவிடாமல் மருத்துவமனைக்குப் போய்க் கண்காணிப்பில் இருக்க வேண்டும். என்ன வாயுவை இழுத்தார் என்பதையும் அங்கே சொல்ல வேண்டும்.

பற்றவைக்கும் பொடியிலோ கம்பியிலோ காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்திருந்தால் அது வேறொரு ஆபத்து. காட்மியம் சூட்டில் ஆவியாகி மூச்சோடு உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும், வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும். ஜப்பானின் தொயாமா பகுதியில் சுரங்கக் கழிவு கலந்த ஆற்று நீர் வயலில் பாய்ந்து, அரிசியின் வழியே காட்மியம் உடலில் சேர்ந்து, எலும்பு பஞ்சுபோலாகி வலியில் துடித்தவர்களின் நோய்க்கு "இத்தாய் இத்தாய்" என்றே பெயர். "வலிக்கிறது, வலிக்கிறது" என்று அதற்குப் பொருள். காட்மியம் இல்லாத பற்றுப்பொடி கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். திராவக வேலை மொட்டை மாடியிலோ கொல்லையிலோ, புகையை வெளியே இழுக்கும் விசிறியோடு நடக்கட்டும். முகத்தில் கட்டிக்கொள்ளும் துண்டு தூசியை ஓரளவு தடுக்கும், வாயுவைத் தடுக்காது. பட்டறையில் போட்ட சட்டையோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். திராவகம் கழுவிய நீர் சாக்கடை வழியே மறுபடியும் அதே ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது என்பதை அவரும் அறிவார். சிறு பட்டறைக்காரர் ஒருவர் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் வைக்க முடியாது என்பதை நானும் அறிவேன். பல பட்டறைகளுக்குச் சேர்த்து ஒரு பொது வசதி இருந்தால்தான் அது தீரும்.

இனித் தண்ணீர். தண்ணீரால் வரும் நோய்களை நான் காலத்தை வைத்து இரண்டாகப் பிரிப்பேன். கிருமிகள் மணிக்கணக்கிலோ சில நாள்களிலோ, மஞ்சள் காமாலை போன்றவற்றில் சில வாரங்களிலோ நோயைக் காட்டும். கரைந்துள்ள தாதுக்களும் உலோகங்களும் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருக்கும்.

முதல் வகையில் வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை அடங்கும். காலரா குடிநீர் வழியே பரவுவதை 1854ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு தெருக்குழாயை அடையாளம் கண்டு காட்டிய ஜான் ஸ்நோ என்ற மருத்துவருக்குக் கிருமி இன்னதென்றே தெரியாது; யார் எந்தக் குழாயில் குடித்தார்கள் என்று வீடுவீடாகக் கேட்டே அவர் முடிவுக்கு வந்தார். நம் தெருவிலும் அதே கேள்வியைக் கேட்கலாம். சேலத்துக்கு மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் கலந்தே அனுப்பப்படுகிறது. கெடுவது பெரும்பாலும் வழியில்தான். தண்ணீர் நாள் முழுவதும் வராமல் விட்டுவிட்டு வருவதால், வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் விழுந்துவிடுகிறது. சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் ஒரு விரிசல் இருந்தால் வெளியே உள்ள அழுக்கு நீர் உள்ளே கசிகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடு இந்தக் கசிவைப் பல மடங்காக்கி, தனக்கும் அண்டை வீட்டாருக்கும் சாக்கடையைச் சேர்த்து இழுக்கிறது. ஆகவே தண்ணீர் விட்டவுடன் வரும் முதல் சில நிமிடத்து நீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். கலங்கலாகவோ வழக்கமில்லாத வாடையோடோ வந்தால் அன்றே மாநகராட்சிக்குத் தெரிவியுங்கள். குடிநீரை நன்றாகக் கொதிக்கவைத்து, மூடி வைத்து, கையை விடாமல் மொண்டு குடித்தால் இந்த வகை நோய்களில் பெரும்பாலானவை வாராமல் தடுக்கலாம். தரைத்தொட்டிக்கும் டிரம்முக்கும் மூடி இருக்கட்டும். திறந்திருந்தால் டெங்குக் கொசு வேறு பெருகும்.

இரண்டாம் வகைதான் உங்கள் மாமியாருடையதாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சேலம் மாவட்டப் பகுதிகளிலும் நிலத்தடிப் பாறைகளில் புளோரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீர் அந்தப் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிப் புளோரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. எந்த ஆலையும் ஊற்றிய நஞ்சு அன்று இது. ஆனால் ஏரிகளைத் தூர்ந்துபோக விட்டுவிட்டு, மேல்மட்ட ஊற்று வற்றிய பின் நூற்றுக்கணக்கான அடிகள் துளையிட்டு நாமே அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் புளோரைடு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் உச்ச வரம்பு. சிறிதளவு புளோரைடு பல்லுக்கு நல்லது. அளவு கூடினால் அது எலும்பிலும் பல்லிலும் உள்ள படிகத்துக்குள் புகுந்து அதன் கட்டமைப்பையே மாற்றிவிடுகிறது.

பணிக்காலத்தில் ஒரு கிராமத்துக்கு நீர் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். அந்த ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. "எங்கள் தண்ணீர் தித்திப்பு, சோறு சீக்கிரம் வேகும்" என்று எல்லாரும் பெருமையாகச் சொன்னார்கள். பள்ளி விட்டு வந்த பெண்பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு பேசினார்கள். ஒவ்வொருவரும் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டதைக் கவனித்த பிறகுதான், ஆய்வகத்துக்குத் திரும்பும் முன்பே, அந்த நீரில் என்ன இருக்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கைகளை நான் இன்னும் மறக்கவில்லை.

பல்லில் கிடைமட்டமாக வெண்கோடுகளும் பழுப்புக் கறையும் படிவது, பல்லின் எனாமல் உருவாகும் சிறுவயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடித்த நீரின் புளோரைடால் நேரும்; வளர்ந்த பின் குடித்ததால் வராது. வெற்றிலைக் கறை தேய்த்தால் போகும், இது போகாது. ஆகவே உங்கள் மாமியாரின் சொந்தப் பற்களைப் பாருங்கள். அவர் பிறந்த ஊரின் தண்ணீரைப் பற்றிய பதிவேடு அங்கே இருக்கலாம். எலும்பில் இதன் விளைவு மெதுவாக வரும்: முதலில் மூட்டுவலி, பிறகு கழுத்தும் முதுகும் விறைப்பது, கடைசியில் குனியவோ திரும்பவோ இயலாமை. வாதம் என்றும் வயது என்றும் ஒதுக்கிவிடுவது எளிது. தரையில் கிடக்கும் நாணயத்தை முழங்காலை மடக்காமல் குனிந்து எடுக்க முடிகிறதா, மோவாய் மார்பில் படுகிறதா, இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொள்ள முடிகிறதா என்று களப்பணியாளர்கள் பார்ப்பார்கள். முடியாவிட்டால் அதுவே நோய் என்று பொருள் அன்று. எக்ஸ்ரேயும் சிறுநீரில் புளோரைடு அளவும் பார்க்கும்படி எலும்பு மருத்துவரைக் கேட்க அது போதுமான காரணம். எலும்பில் ஏறியதை இறக்க மருந்து இல்லை. ஆனால் நீரை மாற்றினால் மேலும் ஏறாது. பாலும் மோரும் கேழ்வரகும் நெல்லிக்காயும் போதிய அளவில் சாப்பிடுவது உடலுக்குத் துணை நிற்கும். கடுந்தேநீரில் புளோரைடு உண்டு, அதைக் குறைப்பது நல்லது.

இந்த இடத்தில் மிகப் பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். கிருமி சாகும், புளோரைடும் நைட்ரேட்டும் உப்பும் உலோகமும் அப்படியே இருக்கும், நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை, அலுமினா வடிகட்டி, ஆர்.ஓ. கருவி ஆகியவையே புளோரைடைக் குறைக்கும். ஊர் முழுவதற்கும் சரியான தீர்வு, புளோரைடு குறைந்த ஆற்று நீரைக் கொண்டுவருவதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகவே 2013ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கமும் சேர்ந்திருந்தது. அந்த நீர் வீட்டு வாசலில் வந்த பின்னும் பழைய ஆழ்துளைக் கிணற்றின் "தித்திப்பு" விடமாட்டேன் என்கிறவர்களைக் காண்பது வேதனையாக இருக்கிறது.

நைட்ரேட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழிவறைக் குழியும் உரமும் சாக்கடையும் கிணற்றுக்குள் இறக்கும் பொருள் இது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்க அந்த நீரைப் பயன்படுத்தினால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து குழந்தை நீலம் பூக்கலாம். ஆற்றங்கரையில் உங்கள் தெருவில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால், அந்நீரைப் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. சாயக்கழிவின் உப்பும் அதே கிணறுகளில்தான் இறங்குகிறது. உப்பு மிகுந்த நீர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது.

மேட்டூர் நீரைக் குடிக்கிறோமே என்று நிம்மதி அடைவதிலும் ஒரு வரம்பு உண்டு. 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கத்தின் கரையோரங்களில் நீர் தேங்கும் காலங்களில் பச்சைப் பாசி படர்ந்து நாற்றம் வீசுவதை அண்மை ஆண்டுகளில் பலமுறை பார்த்துவிட்டோம். மேலிருந்து வரும் சாக்கடையிலும் உரத்திலும் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அதற்கு உணவு. அவ்வகைப் பாசிகளுள் சில ஈரலைத் தாக்கும் நச்சை உண்டாக்கக்கூடியவை. அத்தகைய நீரில் குளிப்பதையும் கால்நடைகளை இறக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

ஏற்காட்டுக்குக் குடிபோவதைப் பற்றி. மேலே காற்று நல்லதுதான், கிண்ணத்துக்கு மேலே இருப்பதால் புகை தேங்குவதும் குறைவு. ஆனால் இழுப்பு உள்ள பிள்ளைக்கு மலைக் குளிரும், ஈரச் சுவரில் படரும் பூஞ்சையும், கணப்புக்கு எரிக்கும் விறகும் புதிய தூண்டுதல்களாகலாம். விடுமுறை நாள்களில் முதல் கியரில் ஏறும் வாகனங்களின் புகையும் குறைவன்று. மலையில் உள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகளில் விறகடுப்பின் முன் வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்து மூச்சிரைப்பு நோய்க்கு ஆளான பெண்கள் இருக்கிறார்கள். தூய காற்றின் நடுவே அவர்கள் இழுத்ததெல்லாம் புகை. விடுதிகளின் கழிவுநீர்க் குழிகளும், காப்பிப் பழத்தின் சதை நீக்கிய நீரும் ஓடைகளில் இறங்குவதால், ஊற்று நீரையும் அங்கே சோதிக்காமல் குடிக்க முடியாது. அந்த ஓடைகளே திருமணிமுத்தாறாகவும் சரபங்கா ஆறாகவும் கீழே வருகின்றன. ஒரு மாதம் விடுமுறைக்குப் போய் மகனுக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வீட்டை மாற்றும் முடிவை அதன்பின் எடுங்கள். மாமியாரின் முதுகுக்கு மலைக்காற்று எந்த வகையிலும் உதவாது, கணவர் பட்டறையையும் சேர்த்தே மேலே கொண்டுபோனால் அவருடைய தொண்டையும் மாறாது.

முதலில் செய்ய வேண்டியது, மூன்று நீர்களைச் சோதிப்பது: உங்கள் வீட்டுக் குழாய் நீர், தெருக் கிணற்று நீர், மாமியார் பிறந்த ஊரில் இன்றும் உறவினர் குடிக்கும் நீர். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தினால் பொதுமக்களுக்கும் செய்து தருவார்கள். தாதுச் சோதனைக்கு இரண்டு லிட்டர் பிடிக்கும் சுத்தமான பிளாஸ்டிக் கேனை, எடுக்கப்போகும் அதே நீரால் மூன்று முறை அலசி, தளும்பத் தளும்பப் பிடித்து மூடுங்கள். கிருமிச் சோதனைக்கு அந்தக் கேன் உதவாது. ஆய்வகத்தில் தரும் கிருமி நீக்கிய புட்டியில், மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எங்கே, எந்த நாளில், எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை அடி ஆழம் என்பதைப் புட்டியின் மேலேயே எழுதுங்கள். "பொதுவாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்காமல், புளோரைடு, நைட்ரேட், மொத்தக் கரைந்த உப்பு, கடினத்தன்மை, கோலிபார்ம் (மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் நுண்ணுயிரி) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அறிக்கை வந்ததும் எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, எந்த நீரைக் குடிக்கலாம், எதை விட வேண்டும் என்று சொல்கிறேன்.